அந்தரத்தில் நின்ற கம்பிக்கட்டு

உங்களை ஏமாற்றியவனின் கையை நம்பி, ஆட்களின் தலைக்கு மேல் பாரம் இறக்கியிருக்கிறீர்களா?

நான் இறக்கினேன். கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறேன். மேலே கேபினில் நான். கீழே சிக்னல் காட்டுகிறவன் அவன். ஒற்றைக் காலைத் தூக்கிச் சுவரில் ஊன்றி நிற்பதால் கொக்கு என்று பேர். மேலிருந்து எனக்குப் பாதி இடம் தெரியாது. அவன் கைதான் என் கண். அவன் என்னைப் பார்க்காவிட்டால் பாரம் நிற்க வேண்டும். அதுதான் சட்டம்.

என்னைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தவன், வீட்டில் வேறு பெண் பார்த்து முடிவாகிவிட்டதை என்னிடம் சொல்லவில்லை, மேஸ்திரியிடம் சொன்னான். சைட் முழுக்கத் தெரிந்த பிறகு கடைசியாக எனக்கு வந்து சேர்ந்தது. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். வேலையை நிறுத்தவில்லை. ஏற்று என்றால் ஏற்றினேன், இறக்கு என்றால் இறக்கினேன்.

அவனால்தான் அப்படிப் பிரித்து வைக்க முடியவில்லை. அன்று கம்பிக்கட்டு பாதி இறங்கியிருந்தது. அடியில் தச்சர்கள் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். கொக்கு 'இறக்கு' என்று கையை ஆட்டிக்கொண்டே முகத்தை அந்தப் பக்கம் திருப்பி யாருடனோ சிரித்தான். நிறுத்தினேன். ஹாரன் அடித்தேன். தச்சர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அவன் வேண்டுமென்றே திரும்பவில்லை. கான்கிரீட் வண்டிகள் வரிசை கட்டி நின்று, இஞ்சினியர் ஓடி வந்த பிறகுதான் திரும்பினான்.

ஆபீஸில் என்னைத்தான் நிற்க வைத்தார்கள்.

"சொந்தக் கோபத்த மேல உக்காந்து காட்டுறா சார்" என்றான் கொக்கு.

"காதல் கத்தரிக்காய் எல்லாம் கேட்டுக்கு வெளிய வெச்சுக்கம்மா" என்றார் இஞ்சினியர்.

"வெளியதான் சார் வெச்சேன். அவர் பாக்கல, நிறுத்தினேன். சிக்னல் காட்ட உங்க கூடப்பொறந்த தம்பி நின்னிருந்தாலும் நிறுத்தியிருப்பேன்."

மேஸ்திரி அண்ணன் எல்லாவற்றையும் பார்த்தவர். ஆகாசத்திலிருந்தே குடும்பம் நடத்திவிடுவாய் போலிருக்கிறதே என்று மாசக்கணக்கில் என்னைக் கிண்டல் செய்த வாய் அது. நீங்கள் பார்த்தீர்கள்தானே அண்ணே என்று கேட்டேன். அவருக்குத் திடீரென்று ஷூவில் ஏதோ ஒட்டியிருந்தது, குனிந்து துடைத்தார்.

காலையில் எல்லார் முன்னாலும் கொக்கிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் கிரேன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

எனக்கு வயிறு எரிந்தது காதல் போனதற்கில்லை. போகட்டும், அவன் பெரிய ராஜகுமாரன். நான் ஒழுங்காகச் செய்த வேலையை ஊடல் என்று சொன்னார்களே, அதற்கு.

அறைக்கு வந்து ஊரிலிருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஒரு சாரிதானேடி. சொல்லிட்டு ஏறிப் போயேன்" என்றாள்.

"சொன்னா, நாளைக்கு அவன் பாக்காட்டியும் இறக்கணும்க்கா. அடியில ஆள் நிப்பாங்க."

அக்கா, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

மறுநாள் காலை சாவியை இஞ்சினியர் மேசையில் வைத்தேன். என் கேபினில் வேறொருவன் ஏறினான். கீழே அதே கொக்கு நின்றான். நான் கேட்டைத் தாண்டுவதற்குள் கம்பி ஏற ஆரம்பித்துவிட்டது.