ஐம்பது பவுண்டு நூல்

ரொட்டித் துண்டில் பாதிக்கு வெண்ணெய் தடவியவள், கத்தியை வைத்துவிட்டு மூன்றாவது முறையாகப் பின்கதவுக்குப் போனாள். தகரக் கொட்டகை சாத்தியே கிடந்தது. அப்பாவின் தூண்டில் கம்பு அதற்குள்தான் இருந்தது.

“எங்கடி ஓடுற, ஜெனின்? வந்தவங்க வெறும் டீயக் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க,” என்றாள் அம்மா. அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் கறுப்பு உடுப்பின் மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“இங்கதாம்மா.”

முன்னறையில் அப்பாவின் கூட்டாளி ட்ரெவரின் குரல்தான் ஓங்கிக் கேட்டது. “தன் உசரத்துக்கு ஒரு காட் மீன் புடிச்சேன்னு கெல்வின் நாப்பது வருசமா அளந்தான். இன்னிக்குச் சவப்பொட்டிக்குள்ள பாத்தப்பதான் தெரிஞ்சுது, பாவி தன் உசரத்தையும் கூட்டித்தான் சொல்லியிருக்கான்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெனினும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டை அங்கே வைத்து, பிறகு எடுத்து, வேறிடத்தில் வைத்தாள்.

மூன்று வாரத்துக்கு முன் அப்பா அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தார். “எண்பது பவுண்டு இழுவ தாங்குற பின்னல் தூண்டில் நூல். அதுக்குக் கொறஞ்சா தொடாத.” இரைக்குப் பதில் அவர் எறிவது தானே செதுக்கிய மரப் பொய்மீன், கால் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. தடித்த நூலில் அது தூரம் போகாது. போகவேண்டும் என்று அவர் தோளைக் கொடுத்து வீசுவார். அந்தத் தோள் ராத்திரியில் படுத்தும் பாட்டை அவள் பார்த்திருக்கிறாள். கடையில் இரண்டு பெட்டிகளையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஐம்பது மெல்லிசு, வழுவழுவென்று ஓடும். மீனுக்கும் போதும்.

“மீன் அறுக்காதும்மா, எறிதான் அறுக்கும்,” என்றார் கடைக்காரர். “இவ்ளோ கனத்த வீசுறப்ப ரீல்ல சிக்கு விழுந்தா, மெல்லிசு நூலு பட்டுனு போயிரும்.”

ஓடும் ரீலை அழுத்தி அடக்கும் அப்பாவின் கட்டைவிரலுக்கா சிக்கு விழும்? அவள் ஐம்பதையே வாங்கினாள்.

போன செவ்வாய்க்கிழமை பொய்மீன் ஆற்றோடு போனது. அங்கே ஜூலை நடுக்குளிர்காலம்; அதைப் பிடிக்க அவர் அந்தத் தண்ணீரில் நெஞ்சளவு இறங்கினார். ட்ரெவர் போய்ப் பார்த்தபோது கரையில் நனைந்து கிடந்தார்; இதயம் நின்றிருந்தது. பொய்மீன் கிடைக்கவேயில்லை. கம்பை மட்டும் அப்படியே கொண்டுவந்து கொட்டகையில் சாத்தியிருந்தார் ட்ரெவர்.

பொய்மீனைக் கட்டிய முடிச்சு நழுவியிருந்தால், நூலின் நுனியில் இணைத்த நைலான் நரம்பு பன்றிவால்போல் சுருண்டு நிற்கும். அது அப்பா போட்ட முடிச்சு. நூலே அறுந்திருந்தால் நரம்பு இருக்காது. நுனி துடைப்பம்போல் பிரிந்திருக்கும். நான்கு நாளாக அவள் பார்க்கவில்லை. பார்க்காமலும் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

வெண்ணெய்க் கையோடு கொட்டகைக் கதவைத் தள்ளினாள். கம்பின் வளையங்களில் நூல் இல்லை. ரீலைத் தடவி நுனியைத் தேடி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

பிரிந்திருந்தது.

பின்னால் அம்மா வந்து நின்றது அவளுக்குத் தெரிந்தது.

“அறுந்திருக்கும்மா.”

அம்மா கிட்டே வந்து நுனியைப் பார்த்தாள்.

“எண்பதுதான் கேட்டாரு. நாந்தான் ஐம்பது வாங்கினேன்.”

“அவருக்குத் தெரியும்டி. பொட்டியப் பாத்ததுமே ஆரம்பிச்சுட்டாரு. ‘ஓம் மக என்னைக் கெழவன்னு முடிவு கட்டிட்டா’ன்னு ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாரு. மாத்திட்டு வரச் சொல்லுங்கன்னேன். பேசாம உக்காந்து ரீல்ல சுத்துனாரு.”

“அப்புறம்?”

“அந்தச் சனிக்கிழமை பூட்ஸ்கூடக் கழட்டாம அடுப்படிக்குள்ள வந்துட்டாரு. எதிர்க்கரை வரைக்கும் போச்சு பெரில், எதிர்க்கரை வரைக்கும்னாரு. பதினஞ்சு வருசமா போகாததாம்.” அம்மா மூக்கை உறிஞ்சினாள். “தரையெல்லாம் சேறு. நல்லா ஏசிட்டேன்.”

ஜெனின் ஏதோ கேட்க வாயெடுத்தாள். வீட்டுக்குள்ளிருந்து ட்ரெவர், “பெரில், டீத்தூள் எங்க இருக்கு?” என்று கத்தினார். இரண்டு பேரும் திரும்பவில்லை.

அம்மா அவள் கையிலிருந்து நூலின் நுனியை வாங்கினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பிரிந்திருந்த இழைகளை உதட்டில் வைத்து நனைத்து, விரலால் முறுக்கிக் கூராக்கினாள். கோப்பதற்கு அங்கே ஊசி எதுவும் இல்லை.