செந்தில்குமார் பிடித்த மலைப்பாம்பு

தட்டில் வைத்த இட்லி ஆறுவதற்குள் செந்தில்குமார் மூன்று வீடியோ எடுத்து முடித்திருந்தான். ஒன்றில் குரங்குக்குச் சிப்ஸ் ஊட்டினான். இன்னொன்றில் ஓர் ஓணானை வாலைப் பிடித்துத் தொங்கவிட்டான். மூன்றாவதில் தானே மரத்தில் தொங்கினான். மூன்றையும் படம் பிடித்துக் கொடுத்தவள் அவன் மனைவி நந்தினி.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவன் லைன் சூப்பர்வைசர். அதே கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. நான்கு நாள் லீவு கிடைத்ததும், தன் தோஸ்த் தானியேலையும் கூட்டிக்கொண்டு ஒடுகத்தூருக்கு மேலே காட்டை ஒட்டிய விடுதிக்கு வந்துவிட்டான். மலையில் அமைதியாக இருக்கலாம் என்றுதான் மனைவியிடம் சொல்லியிருந்தான். வந்து இறங்கியதிலிருந்து புளூடூத் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. காட்டை அவன் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. போனில் தன் முகத்துக்குப் பின்னால் காடு விழுகிறதா என்பதுதான் அவன் கவலை. இப்படி ஒருவனோடு ஊர் சுற்ற வந்தோமே என்று நந்தினிக்கு வெறுப்பாக இருந்தது.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஜோதி முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"சார், மீந்த சாப்பாட்ட கண்ட எடத்துல கொட்டாதீங்க. எலி வரும். எலி வந்தா பின்னாடியே பாம்பும் வரும்."

"வரட்டும்மா, அத்த பாக்கத்தான வந்துக்கிறோம்," என்று தானியேல் சிரித்தான். மீந்த பிரியாணி மொத்தமும் குளியலறைக்குப் பின்னால் போய் விழுந்தது.

மறுநாள் காலை அந்த இடத்தில் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. தடித்த பழுப்பு உடம்பு. முதுகில் சங்கிலி கோத்தாற்போல வட்ட வட்டப் புள்ளிகள்.

"மலப்பாம்பு குட்டிடா!" என்று குதித்தான் செந்தில்குமார். "இதுக்கு வெஷமே கெடையாது. நந்தினி, எடு எடு!"

பாம்பு குக்கரைப் போலச் சீறியது.

"இன்னாங்க, சீறுதுங்க. வேணாம், வந்துடுங்க."

"பேஜார் பண்ணாத. போன நேரா புடி."

அவளுக்கு எரிச்சல் பொங்கியது. ஆனாலும் போனை நேராகத்தான் பிடித்தாள். அவன் புன்னகையோடு கையை நீட்டினான். பாம்பு எம்பியது. அடுத்த நொடி, லைனில் நூறு பேரை அதட்டுகிற அந்தக் குரல் "யம்மா!" என்று அலறியது.

தானியேல் முதலில் ஓடினான். பாம்பு புதரை நோக்கி நகர்ந்த பிறகுதான் வீரம் வந்து, கட்டையோடு திரும்பி அதை அடித்துக் கொன்றான். நண்பன் கீழே கிடந்து அழ, செத்த பாம்பைத் தூக்கிப் பிடித்துச் செல்பியும் எடுத்துக்கொண்டான்.

சத்தம் கேட்டு ஓடி வந்த ஜோதி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள். பாம்பைக் கிட்டத்தில் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"மலப்பாம்பு இல்ல சார். கண்ணாடி விரியன்."

தானியேல் ஷூ லேஸால் செந்தில்குமாரின் கடிபட்ட கையைக் கட்டப் பார்த்தான்; பிளேடு வேறு தேடினான். அவன் கையைத் தட்டிவிட்டாள் ஜோதி.

"கட்டாத, கீறாத! கைய ஆட்டாம வண்டில ஏத்து. மருந்து ஆஸ்பத்திரிலதான் இருக்குது." வீங்கத் தொடங்கிய விரலிலிருந்து சோப்புப் போட்டு மோதிரத்தை உருவினாள். பிறகு தானியேலைப் பார்த்துச் சொன்னாள். "ஓடிப்போறத அடிச்சிட்டு போட்டோ வேற. தூ!"

அடிவாரத்து அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். பிறகு வேலூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். சிறுநீரகம் ஸ்தம்பித்துப் பிழைத்தது. ஆள்காட்டி விரலில் பாதி போயிற்று. வேளையோடு வந்ததால்தான் உயிர் மிஞ்சியது என்றார் டாக்டர்.

பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து அமீர் பாஷா வீட்டுக்குப் பார்க்க வந்தார்.

"சும்மா நடந்துக்கினு இருந்தேன் பாய். பாஞ்சி வந்து புடுங்கிடுச்சி," என்றான் செந்தில்குமார். பார்க்க வந்தவர்களிடம் அவன் இந்தக் கதையைச் சொல்வது இது நான்காவது முறை. ஒவ்வொரு முறையும் பாம்பு ஓர் அடி வளர்ந்தது. "அந்த ஜோதின்னு ஒருத்தி, கொஞ்சங்கூட பொறுப்பில்ல. விடுதி மேல கேஸ் போடணும்."

நந்தினி கஞ்சி டம்ளரை நங்கென்று வைத்தாள்.

"பொய் சொல்றாரு பாய். அது பாட்டுக்கு சுருண்டு கெடந்துச்சி. சோத்த கொட்டி வரவெச்சது நாங்க. சீறி எச்சரிச்சும் கைய நீட்டுனது இவரு. தப்புன்னு தெரிஞ்சும் போன புடிச்சிக்கினு நின்னது நானு. இவரு இன்னிக்கி உசுரோட பேசுறதே அந்த ஜோதியால. அவளுக்கா பொறுப்பில்ல?"

செந்தில்குமார் கட்டுப்போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். பிறகு அவனுடைய குரல் தாழ்ந்து வந்தது.

"அவ சொல்றதுதான் நெஜம் பாய். நான்தான் போய் தொட்டேன்."

"காட்ல வாழுற ஜீவன் நம்ம வேடிக்கைக்கு பொறந்தது இல்லீங்க," என்றாள் நந்தினி. "அது எடத்துக்கு போனா தள்ளி நின்னு பாத்துட்டு வரணும். அது தெரியலன்னா வூட்லயே கெடக்கணும்."