மூக்கம்மாள் பேரில் இன்னொரு நம்பர்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில், ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேசைக்கே வந்து நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போனார் போலீஸ்காரர். பனியனில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த மூக்கம்மாள், கத்திரியைக் கீழே வைக்கவும் மறந்து அதை வாங்கினாள். அதே கம்பெனியின் மாடி ஆபீசில் வேலை பார்க்கும் மகள் விஜயராணியிடம் ஓடினாள்.

விஜயராணி நின்றபடியே படித்தாள். வடக்கே ஏதோ ஓர் ஊரில், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரை போனில் மிரட்டி அவர் சேமிப்பு மொத்தத்தையும் பிடுங்கியிருக்கிறார்கள். மிரட்டிய நம்பர் மூக்கம்மாள் பேரில் இருக்கிறது. அந்த ஊர் ஸ்டேஷனுக்கு நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். வராவிட்டால் கைது.

"ஆத்தாடி, எனக்கு ஒன்னாங்கிளாசு வாத்தியாரத் தவிர வேற வாத்தியாரே தெரியாதே!"

"அழுவாத. உன் சிம் எங்க வாங்குன?"

"நம்ம கேட்டுக்கு முன்னாடிதான். சம்பளத்தன்னைக்குக் குடை போட்டு விப்பானே, அந்தப் பயகிட்ட."

"எத்தன தடவ விரல் வச்ச?"

"அத யாரு எண்ணுனா? ரேகை விழல விழலன்னான், வச்சுக்கிட்டே இருந்தேன்."

விஜயராணிக்குச் சுருக்கென்றது. நூலும் துணியும் உரசி உரசி, இங்கே எந்தப் பெண்ணுக்கும் ரேகை ஒழுங்காக இல்லை. காலையில் வருகைப் பதிவு மெஷினே பலமுறை முரண்டு பிடித்துத்தான் உள்ளே விடும். 'விழலக்கா, இன்னொருக்கா வைங்க' என்று எவன் சொன்னாலும் விரல் தன்னால் நீளும். விழுந்த ரேகையை விழவில்லை என்று சொல்லி, ஒரு சிம்மை இவளிடம் கொடுத்துவிட்டு இன்னொன்றைத் தன் பையில் போட்டிருக்கிறான்.

அன்றைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குப் போனாள். எஸ்.ஐ. நோட்டீஸைப் புரட்டிப் பார்த்தார்.

"பேரு யாருதோ, பொறுப்பும் அவங்களுதுதாம்மா. விரல் வச்சிருக்காங்கல்ல?"

"வச்சாங்க சார். ரேஷனுக்கு வச்சாங்க, பேங்குல வச்சாங்க, சிம்முக்கும் வச்சாங்க. வைக்கச் சொன்னது யாரு? கவர்மெண்டு. விரல வாங்குறதுக்கு மட்டும் கவர்மெண்டு வரும், அது களவு போனா மூக்கம்மாதான் பதில் சொல்லணுமா?"

"படிச்ச பொண்ணு மாதிரியா பேசுற?"

"படிச்சதாலதான் சார் பேசுறேன்." போனை அவர் பக்கம் திருப்பினாள். "தொலைத்தொடர்புச் சட்டம். ஏமாத்தி சிம் எடுத்தா மூணு வருஷம் வரைக்கும் உள்ள போகணும்னு எழுதியிருக்கு. அந்தக் குடைக்காரன் மேல கேஸ் போடுங்க."

எஸ்.ஐ. சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "சட்டம் எனக்கும் தெரியும். காசுக்காகத் தன் பேர்ல சிம் எடுத்து வித்தவனும் இங்க வந்து ஏமாந்துட்டேன்னுதான் சொல்றான். உங்கம்மா ஒருத்தி சொன்னா எவன் நம்புவான்? அதே ஆளுகிட்ட ஏமாந்தவங்க இன்னும் நாலு பேரக் கூட்டிட்டு வா, எழுதுறேன்."

"நாலு என்ன சார், எங்க கம்பெனில ஒரு ஃபுளோரே வரும்."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் பெண்களின் நடுவே போய் நின்றாள். "உங்க பேர்ல எத்தன நம்பர் இருக்குன்னு கவர்மெண்டு சைட்லயே பாக்கலாம். உங்க நம்பரப் போட்டா ஓடிபி வரும்."

அவர்களில் ஒருத்தி, கம்பெனி டைலரின் பெண்சாதி சித்ராதேவி, டிபன் மூடியைத் தட்டிச் சிரித்தாள். "ஏண்டி, போன் போட்டா மணியடிக்கிறதுக்கு முன்னாலயே ஒருத்தி கத்துறாளே, ஓடிபிய ஆரு கேட்டாலும் குடுக்காதன்னு. பி.காம் படிச்சவ கேட்டா குடுக்கலாமாக்கும்?"

மேசை முழுக்கச் சிரிப்பு. விஜயராணிக்குக் காது சுட்டது. ஆனால் சித்ராதேவி சொன்னதில் தப்பில்லை.

"எங்கிட்ட சொல்லாதீங்கக்கா. உங்க போனு, உங்க கை. நீங்களே போடுங்க."

சித்ராதேவி கையைச் சேலையில் துடைத்துவிட்டு ஒவ்வொரு எண்ணாகக் குத்தினாள். மூன்று நம்பர் வந்தது. "ஒன்னு என்னுது. ஒன்னு எம் புருசனுக்கு வாங்கிக் குடுத்தது. இது ஆருது?"

ஆளாளுக்குத் தங்கள் போனை எடுத்து நம்பரைப் போட்டார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடிப்பதற்குள் அந்த மேசையில் பாதிப் பேருக்கு, தங்களுக்கே தெரியாத நம்பர் ஒன்று தங்கள் பேரில் இருந்தது.

சாயங்காலம் முதலாளி தரணீதரன் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காரு கண்ணு. அம்மாவுக்கு நல்ல வக்கீலா நான் வெச்சுத் தர்றேன். பிளைட்லயே அனுப்பி வெக்கறேன். ஆனா கம்பெனி பேரு போலீஸ் கேஸுல வரப்படாது. அடுத்த வாரம் சரக்கு வாங்கற பையர் ஆளுங்க ஆடிட்டுக்கு வர்றாங்க. வாசல்ல இப்பிடி நடந்துச்சுன்னு தெரிஞ்சா ஆர்டர் நின்னு போயிரும். அப்பறம் எல்லாத்து பொழப்பும் போயிருமே."

விஜயராணி ஒரு நொடி தடுமாறினாள். வக்கீல் இருந்தால் அம்மா பாஷை தெரியாத ஸ்டேஷனில் தனியாக நிற்க வேண்டாம். அம்மா தப்பிவிடுவாள்.

"நாளைக்கு சித்ராதேவியக்காவுக்கு நோட்டீஸ் வந்தா அவங்களுக்கும் வக்கீல் வைப்பீங்களா சார்?"

"அது வர்றப்ப பாத்துக்கலாம் அம்மிணி."

"அந்த சிம்காரன் கேட்டுக்கு முன்னாடி குடை போடறதுக்கு நீங்கதான சரின்னு சொன்னீங்க?"

"சனங்களுக்கு வசதியா இருக்குமேன்னு சொன்னேன். அது தப்பா?"

"எங்கம்மாவும் சரின்னுதான் விரல வச்சா. அவளுக்கு மட்டும் நோட்டீஸ் வந்துருக்கு. என்னைய வேலைய விட்டு எடுக்கறதுன்னா எடுத்துக்கங்க சார். நடந்த எடத்த மாத்திச் சொல்ல முடியாது."

ஷிப்ட் முடிந்து செக்கிங் பெண்கள் எல்லாரும் ஷேர் ஆட்டோக்களில் அடைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். வராண்டாவில் கூட்டத்தைப் பார்த்ததும் எஸ்.ஐ. பேனாவை எடுத்தார்.

"சம்பவம் நடந்த எடம்?"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலாளி சொன்னது அதற்குள் எல்லார் காதுக்கும் போயிருந்தது. விஜயராணி வாயைத் திறந்தாள். மூக்கம்மாள் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள்.

"நீ இரு. ஏமாந்தவ நானு." கம்பெனி பேரைச் சொன்னாள். "கேட்டுக்கு நேர் எதுக்க. வாச்மேன் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. எழுதுங்க சார்."

பேனா ஓடியது. விஜயராணி புகாருக்கு ரசீது கேட்டு வாங்கினாள். நோட்டீஸ் அனுப்பிய ஊர் ஸ்டேஷனில் இதைத்தான் முதலில் மேசைமேல் வைக்கப் போகிறாள். போனில் ரயில் பார்த்து, இரண்டு டிக்கெட் போட்டாள்.

சித்ராதேவி அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு எஸ்.ஐ.க்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"அடுத்து என்னுது சார். எடம் அதேதான், மறுக்காவும் கேக்காதீங்க."