பதினேழாம் பாரம்

நூலகத்து வாசகர் வட்டத்துக்கு எட்டுப் பேர் ஒரு நாவலைப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். எட்டுப் பேருக்கும் மண்மேல் திடீர்க் காதல் பிறந்திருந்தது.

"மண்ணுதாங்க எல்லாம்," என்றார் பல் டாக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. வாசலில் ஒரு புல் முளைத்துவிடக் கூடாதென்று சுவர்வரை சிமெண்ட் பூசிவைத்திருப்பவர்.

நூலகத்தின் கடைசி பெஞ்சில் புருஷனுக்குப் பக்கத்தில் ஊசிக்காரி உட்கார்ந்திருந்தாள். புத்தகம் தைப்பவள் என்பதால் தெருவே வைத்த பெயர். புருஷன் பைண்டர். நூலகத்தில் பைண்டர் வேலை காலியாக இருந்தது. அந்தப் பழைய சீன நாவல் கடையில் கிடைக்காததால் எட்டுப் பிரதி நகலெடுத்து, "இதைக் கட்டிக் குடுங்க, பாத்துட்டு வேலையைப் பத்திப் பேசலாம்" என்றிருந்தார் நூலகர். பைண்டர் மனு கொடுத்தாயிற்று. ஊசிக்காரியும் அதே வேலைக்கு ஒரு மனு எழுதிப் பைக்குள் வைத்திருந்தாள். அது பைண்டருக்குத் தெரியாது.

கதை ஒன்றும் பெரிய சிதம்பர ரகசியமில்லை. மண்ணே உயிரான ஒரு சீனத்து விவசாயி, அவன் பெண்டாட்டி. அவள் ஏர் இழுக்கிறாள், பிள்ளை பெறுகிறாள், மறுநாள் களையெடுக்கிறாள். அவன் பணக்காரனாகி இளையவள் ஒருத்தியைக் கூட்டிவருகிறான். மூத்தவள் செத்துப்போகிறாள். அப்புறம்தான் அவனுக்கு அவள் அருமை தெரிகிறது. ஆம்பிளைக்கு அருமை தெரிய ஒரு பிணம் வேண்டியிருக்கிறது.

ஆனால் இந்த எட்டுப் பிரதியிலும் அவள் கதையின் நடுவுக்கு முன்பே செத்துவிட்டாள்.

பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு பாரம். இருபது பாரத்தையும் மேசைமேல் வரிசையாகக் குவித்து, குவியலுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே நடந்தால் கடைசியில் கையில் ஒரு புத்தகம் இருக்கும். ஒரு குவியல் இடம் மாறினால் எல்லாப் புத்தகமும் மாறும். குவியல் வைப்பது எப்போதும் ஊசிக்காரி. அந்த வாரம் அவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். "இது என்ன பெரிய வித்தையா" என்று பைண்டரே வைத்தான். ஏழாம் பாரத்தின் இடத்தில் பதினேழு, பதினேழின் இடத்தில் ஏழு. ஓரம் வெட்டும்போது பக்க எண்களையும் சேர்த்து வெட்டித் தள்ளினான்.

காய்ச்சல் விட்டுத் தைக்க உட்கார்ந்தவள் வழக்கம்போலப் படித்துக்கொண்டே தைத்தாள்.

"என்னங்க, இங்க செத்தவ அடுத்த பாரத்துல துணி துவைக்கிறா. அடுக்கு மாறியிருக்கு."

"தைக்கிறவ தைச்சாப் போதும். கதை கேக்கல உன்ன."

அவள் வாயையும் சேர்த்துத் தைத்துக்கொண்டாள்.

இப்போது வக்கீலம்மா பிரதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேசினார். "அவ செத்து, அடுத்த பக்கமே வந்து துணி துவைக்கிறா பாருங்க. எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு. வாக்கியம்கூடப் பாதியில அறுந்துபோகுது. அதுதான் மரணம்!"

"எனக்கென்னமோ பைண்டிங் தப்போன்னு..." என்று இழுத்தார் பல் டாக்டர்.

பைண்டர் துள்ளி எழுந்தான். "இவதாங்க அடுக்கறவ. சொன்னாக் கேக்கமாட்டா, சார். நான் என்ன பண்றது?"

மனுவைத் தொட்ட ஊசிக்காரியின் கை பைக்குள்ளேயே நின்றது. அவன் பழியை இறக்கிவைக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

நூலகருக்குக் கோபம் வந்துவிட்டது, பல் டாக்டர்மேல். "தப்பா? இது உத்தி சார்! காலத்தையே கலைச்சுப் போடறாங்க. வேற பைண்டரா இருந்தா, தப்புன்னு நினைச்சு மாத்தி அடுக்கியிருப்பான். இந்த ஆள் உள்ளதை உள்ளபடி வெச்சிருக்கார். அதுக்கு ஒரு நிதானம் வேணும்."

ஏழு தலைகள் ஆடின. பல் டாக்டரும் ஆட்டினார்.

பைண்டர் இன்னும் உட்காரவில்லை. "அடுக்கினது நான்தாங்க," என்றான் சிரித்துக்கொண்டே. "இவ காய்ச்சல்ல படுத்துட்டா. ஒண்ணு விடாம நானே என் கையால வெச்சேன். இவளுக்குத் தையல் மட்டும்தான்."

"அப்ப முதல்ல இவங்கன்னீங்களே?" என்றார் பல் டாக்டர்.

"அது... சும்மா, வீட்டுக்காரியாச்சே, பேரு அவளுக்கும் போகட்டுமேன்னு."

ஓணான் இவனிடம் வந்து நிறம் மாற்றப் பாடம் கேட்கலாம் என்று ஊசிக்காரி நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்து ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் உள்ளே வந்தார். நகலெல்லாம் நாசம் என்று சொல்லித் தன் வீட்டு அலமாரியிலிருந்த பழைய பிரதியையே படிப்பவர். "எதுவரைக்கும் வந்தீங்க?"

"அவ செத்து எழுந்து வர்ற இடம்," என்றார் வக்கீலம்மா.

"யாரு எழுந்து வர்றது? செத்தவ செத்தவதான். அவ போறது கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடி." ஹெட்மாஸ்டர் தன் புத்தகத்தை விரித்து மேசைமேல் வைத்தார். பக்க எண்ணோடு இருந்தது.

எட்டுப் பேரும் எட்டிப் பார்த்தார்கள். பல் டாக்டர் இருமினார். நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

பைண்டர் ஊசிக்காரியைப் பார்த்தான். ஏதாவது சொல் என்கிற பார்வை. "ஒண்ணு விடாம என் கையால" என்ற வாயை வைத்துக்கொண்டு அவனால் இனி எதுவும் சொல்ல முடியாது.

அவள் எழுந்துபோய் மனுவை நூலகரின் முன்னால் வைத்தாள்.

அவர் படித்தார். "அடுக்கவும் வருமா?"

"வரும் சார். தைக்கறப்பவே படிச்சிடுவேன். தப்பு இருந்தாத் தெரிஞ்சிடும்."

"அப்ப இது தெரிஞ்சும் ஏன் தைச்சீங்க?"

"சொன்னேன் சார். தைக்கிறவ தைச்சாப் போதும்னாங்க. தைச்சேன்."

ஹெட்மாஸ்டர் மட்டும் சத்தமாகச் சிரித்தார். நூலகருக்கு இப்போது தன்னைத் தவிர வேறு யாராவது முட்டாளாக வேண்டியிருந்தது. பைண்டரின் மனு கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். "திங்கட்கிழமை வாங்கம்மா. முதல் வேலை, இந்த எட்டையும் பிரிச்சுத் தைக்கணும்."

"வீட்டுக்கு வா, பேசிக்கலாம்," என்று பல்லைக் கடித்தான் பைண்டர்.

"வர்றேன். ஆனா அந்தச் சீனத்துக்காரி மாதிரி எழுந்து வந்து உங்களுக்கு அடுப்பு மூட்டுவேன்னு நினைக்காதீங்க. நான் இன்னும் சாகல."

பிரதிகளை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினாள். ஏழு வந்தன. எட்டாவதை வக்கீலம்மா விடவில்லை.

"என்னோடத மட்டும் பிரிக்காதீங்கம்மா," என்றார். "எனக்கு இப்படியே பிடிச்சிருக்கு."