ஒரே ஆள் கை

டெல்ஃபியா காடில் அந்தக் கிதாரை இருபதடி தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டாள். கேலக்ஸ் ஊர்த் தீயணைப்பு நிலையக் கூடத்தில் பழைய வாத்தியச் சந்தை. நாற்பது மேஜைகள், மேஜைக்கு மேஜை பழைய கிதார்கள். அத்தனைக்கு நடுவிலும் அந்தச் சின்ன உடம்பும், ஒடுங்கிய இடுப்பும், தேன் நிறத்துக்குப் பழுத்த முகப்பலகையும் அவளைப் பிடித்து நிறுத்தின. நான்கு வருடத்துக்கு முன், ஒரு சாவுச் சாப்பாட்டுக்கு பீன்ஸ் சட்டியைச் சர்ச்சுக்குள் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவள் வண்டியிலிருந்து காணாமல் போனது. பத்தொன்பது வயதில், யாரோ வீட்டுப் பரணில் யார் கையும் படாமல் கிடந்த அதை மில் கூலியில் வாங்கி, முப்பத்தெட்டு வருடம் வாசித்திருந்தாள்.

மேஜைக்காரன் பெயர் ராய்ஸ் பென்லண்ட். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத ஆள். அவன் எதிரில், அதை வாங்க நாஷ்வில்லிலிருந்து வந்த ஒருவர், கிதார்ப் பெட்டியும் கையுமாக நின்றார். ஹார்லன் டீக் பார்த்துச் சரி என்று சொன்னால் போதும், கிதாரோடு கிளம்பிவிடுவார். அந்த மலைப்பக்கம் முழுக்கப் பழைய கிதார் விஷயத்தில் ஹார்லன் சொன்னால் சொன்னதுதான்.

டெல்ஃபியா நேராகப் போய், இது என்னுடையது என்றாள். ராய்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்த முகத்தோடு, உள்ளே பொறித்த எண் தெரியுமா என்று கேட்டான். தெரியாமல் என்ன? வீட்டு பைபிளில், பிள்ளைகள் பிறந்த தேதிகளுக்குக் கீழே எழுதி வைத்திருந்தாள். மனப்பாடமாக ஒப்பித்தாள்.

ஹார்லன் கிதாரின் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்தார். சின்னக் கண்ணாடியையும் விளக்கையும் உள்ளே விட்டு, முகப்பலகையைத் தாங்கும் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டுகளை, ஃப்ரெட்களை, விரலால் எண்ணி, பன்னிரண்டாவதில் அது உடம்போடு சேர்வதைப் பார்த்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் செய்தது, அசல் சரக்கு என்றார். ஆனால் எண் இருக்க வேண்டிய உள்கட்டை வழவழவென்று சுரண்டப்பட்டிருந்தது. ஈரம் பட்டு உளுத்திருந்ததாம், அதனால் யாரோ சுரண்டினார்களாம். ராய்ஸிடம் பதில் தயாராக இருந்தது.

"ஏம்மா, இதே அச்சுல நூத்துக்கணக்குல செஞ்சிருக்காங்க. பாக்குறதெல்லாம் உங்களோடதா?"

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். எண் இல்லாவிட்டால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று ஹார்லன் தரையைப் பார்த்துச் சொன்னார். நாஷ்வில்காரர் பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தார். இன்னும் ஒரு நிமிடம் போனால், பிறகு இந்த ஜென்மத்தில் அதைப் பார்க்க முடியாது என்று டெல்ஃபியாவுக்குத் தெரிந்தது.

ராய்ஸ் அத்தோடு வாயை மூடியிருந்தால் பிழைத்திருப்பான். ஆனால் இந்தத் தொழிலில் பழுது பார்ப்பவன் கை படாத பொருளுக்குத்தான் மதிப்பு. புது ஃப்ரெட் போட்டாலே முகம் சுளிப்பார்கள், பழைய பூச்சைத் தேய்த்தால் பாவம் செய்தவனைப் போலப் பார்ப்பார்கள். எனவே அவன் கதை அளக்கத் தொடங்கினான். ஃப்ரெட் எல்லாம் செய்தபோது போட்டவை. விரல்பலகையில் துணிகூடப் படவில்லை. கரோலினாவில் ஒரு பெரியவர் புதிதாக வாங்கிச் சாகும்வரை வாசித்தது.

டெல்ஃபியா மேஜையருகே இன்னும் ஓரடி நகர்ந்து கேட்டாள்.

"அவரத் தவிர வேற யாருமே வாசிக்கலியா தம்பி?"

"ஒரே ஆள் கைம்மா. விரல்பலகையில இருக்குற இந்தப் பள்ளம் எல்லாம் அந்தப் பெரியவர் விரல் பட்டு விழுந்தது. சத்தியமாச் சொல்றேன்."

அவள் கோட்டுப் பையிலிருந்து இடது கையை எடுத்தாள். வெளியாட்கள் முன் அவள் எடுக்காத கை அது. ஒன்பது வயதில் தீவனம் வெட்டும் இயந்திரம் மோதிர விரலில் பாதியைக் கொண்டுபோயிருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கிதாரின் கழுத்தைப் பிடித்தாள்.

கட்டைவிரல் மேலே வளைந்து, மூன்றாம் ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு அடியிலிருந்த பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. மற்ற மூன்று விரல்களும் அதனதன் குழியில் இறங்கின. பாதி விரல் கம்பியை எட்டவில்லை. அதன் மொட்டை முனை கழுத்தின் கீழ் விளிம்பில், யார் விரலும் படத் தேவையில்லாத இடத்தில், பூச்சு உரிந்து கிடந்த ஒரு சின்ன வட்டத்தின்மேல் படிந்தது. இம்மியும் விலகவில்லை.

ஹார்லன் விளக்கை அந்த வட்டத்தின்மேல் பிடித்தார். அவள் விரலை எடுக்கச் சொன்னார், மறுபடி வைக்கச் சொன்னார். தன் மோதிர விரலை மடக்கி அங்கே வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை.

"ராய்ஸ், அந்தக் கரோலினாப் பெரியவருக்கு எத்தன விரலு?"

ராய்ஸ் மேஜையிலிருந்து ஓரடி பின்வாங்கினான். நாஷ்வில்காரர் திறந்த பெட்டியை மேஜையில் நகர்த்தி டெல்ஃபியாவின் பக்கம் வைத்தார். அவள் கிதாரை அதில் வைக்கவில்லை. பிடித்த பிடியை விட அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை.