கிங்ஸ்டனின் பச்சை மருந்து

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவால் போகிறவர்களுக்கு அந்தச் சாப்பாட்டுக் கடையின் பெயர் தெரியாவிட்டாலும் கொத்துச் சத்தம் தெரியும். நெடுங்காலமாக அந்தச் சத்தம் கரிகாலனுடையது. இப்போது பக்கத்தில் இன்னொரு கல் போட்டு, கிங்ஸ்டனும் கொத்துரொட்டி போடுகிறான். சனம் அவன் பக்கமாக நிற்கத் தொடங்கியதில் கரிகாலனுக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

இத்தனைக்கும் குளிர்காலத்தில் இதே கிங்ஸ்டன் பெருவிரல் நோவென்று போத்தல் மூடியைத் திறக்கவே முடியாமல் நின்றவன். கரிகாலன்தான் பெரிய மனதோடு திறந்து கொடுத்தார். கொடுத்தபோது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இப்போது அவன் கை பழையபடி ஓடுகிறது. கரிகாலனின் மோதிரவிரலோ மடங்கினால் நிமிரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

ஒருநாள் உடுப்பு மாற்றும் இடத்தில் கிங்ஸ்டன் பெருவிரலின் அடியில் பச்சையாக எதையோ தேய்ப்பதைக் கரிகாலன் கண்டார். குப்பியில் கஞ்சா இலைப் படம்.

"என்னடாப்பா அது?"

"சிபிடி பொமாட் அண்ணை. கஞ்சாச் செடியிலை எடுக்கிறது, ஆனா வெறிக்காது. நோவுக்குப் பூசுறனான்."

வேறென்ன செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் இவனிடம் யோசனை கேட்டதாகிவிடுமே! கடை இருக்கும் லா ஷப்பலில் வாங்கினால் யாராவது கண்டுவிடுவார்கள் என்று புறநகரான லா கூர்னெவ் வரை போய், அதைவிடப் பெரிய குப்பி வாங்கினார். விரல் முழுக்க அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு படுத்தார். மனைவி சிவரஞ்சினி டொக்டரிடம் நாள் குறித்து எடுத்துவைத்த ரொந்தேவுக்கும் போகவில்லை. கடைக்கு வரும் தவரத்தினத்திடம் மட்டும், "அவன் கஞ்சா பூசியெல்லோ கொத்துறான்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். தானும் பூசுவதைச் சொல்ல மறந்துபோனார், பாவம்.

ஆவணியில் பிள்ளையார் தேர் வந்தது. அன்று கடை வாசலில் கல் போட்டுக் கொத்துகிறவரை ஊரே பார்க்கும். வருடாவருடம் அது கரிகாலனின் இடம்.

"கை ஏலாதெண்டால் சொல்லுங்கோ, கிங்ஸ்டன் நிக்கட்டும்," என்றார் முதலாளி தில்லைநாயகி.

"எனக்கென்ன குறை? சேர்ச்சுக்குப் போற வேதக்காரனுக்குப் பிள்ளையார் தேரிலை என்ன வேலை?"

தேர் தெருமுனைக்கு வந்த நேரம் கல்லைச் சுற்றிச் சனம் நெருக்கியது. கரிகாலன் உற்சாகமாகக் கொத்துத் தகடுகளை ஓங்கினார். மோதிரவிரல் பிடியோடு மடங்கிப் பூட்டிக்கொண்டது. அடிக்கவும் முடியவில்லை, தகட்டை விடவும் முடியவில்லை. ரொட்டி கருகி மணந்தது. சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு விரல் நோவைவிட அதிகமாக நொந்தது.

கிங்ஸ்டன்தான் ஓடிவந்து அடுப்பை நிறுத்தினான். அவரை உள்ளே கூட்டிப்போய், இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையை வைத்து விரலை மெல்ல நிமிர்த்தினான்.

"உன்ர பொமாட்டைத்தானே நானும் பூசினன்," என்றார் கரிகாலன். "உனக்கு மட்டும் எப்பிடியடா நோ மாறினது?"

"பொமாட்டாலை மாறேல்லை அண்ணை. ஆஸ்பத்திரியிலை கை டொக்டரிட்டைக் காட்டினன். பெருவிரல் மூட்டுத் தேய்வாம். விரலுக்குப் போடப் பட்டி தந்து பயிற்சியும் காட்டினவர். பொமாட் சிலருக்கு நோவைக் கொஞ்சம் தணிக்கலாம், அதுவும் இன்னும் நிச்சயமில்லை, மூட்டைத் திருத்தாது எண்டவர். உங்கட விரல் பூட்டுப்படுகுது. அது வேறை வருத்தம் போலை."

"ஏன் இதை முந்திச் சொல்லேல்லை?"

"கை வருத்தக்காரன் எண்டால் வேலை போயிடுமெண்டு நாங்கள் எல்லாரும் ஒளிக்கிறதுதானே. நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்." கிங்ஸ்டன் தன் கையைத் துடைத்துக்கொண்டான். "கஞ்சாக்காரன் எண்ட கதை என்ர காதுக்கும் வந்தது."

அவன் வாசல் கல்லுக்குப் போய்விட்டான். கரிகாலன் சிவரஞ்சினியைத் தொலைபேசியில் அழைத்து, டொக்டரிடம் திரும்ப ரொந்தேவு எடுக்கச் சொன்னார். ஈரக் கையோடு வாசலுக்கு வந்தார். தவரத்தினம் கொத்துக்குக் காத்து நின்றார்.

"என்ன கரிகாலன், உங்கட இடத்தை அவன் பிடிச்சிட்டான் போலை?"

"நான்தான் விட்டன். அவனைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொறாமையிலை சொன்னது, தவரத்தினம். அடுத்தவன் சுகப்பட்டால் எப்பிடிச் சுகப்பட்டான் எண்டு வாய் திறந்து கேக்கோணும். நான் அவன்ர கையைப் பாத்து எரிஞ்சு எரிஞ்சு, என்ர கையைப் பாக்காமல் விட்டிட்டன்."