கோடு தெரியாத கண்ணாடி

தங்கமுத்து ஒன்றரை நாளாக வீட்டுக்குப் போகவில்லை. பாய்லர் அறையின் மாற்று ஆள் மயில்சாமி காய்ச்சலில் படுத்துவிட்டான். திருச்செங்கோட்டுப் பஞ்சாலையின் பாய்லருக்குக் காய்ச்சலா, தலைவலியா? அது பாட்டுக்கு விறகைத் தின்றுகொண்டிருந்தது. மத்தியான வெக்கையில் தங்கமுத்து நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டான்.

விழித்ததும் பாய்லரின் கண்ணாடிக் குழாயைப் பார்த்தான். நடுவில் தெரியவேண்டிய தண்ணீர்க் கோட்டைக் காணோம். அந்தப் பாழாய்ப்போன கண்ணாடி, உள்ளே தண்ணீர் நிறைந்து வழிந்தாலும் அப்படித்தான் இருக்கும். சொட்டில்லாமல் வற்றினாலும் அப்படித்தான் இருக்கும். திறந்து பார்க்கும் சோதனைக் குழாய் துருப்பிடித்து இறுகி ஆறு மாதம் ஆகிறது. தூங்குமுன் தண்ணீரைத் திறந்தோமா, மூடினோமா? எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. வற்றியிருந்தால், இனித் தண்ணீர் விட்டாலும் வெடிக்கும், விடாவிட்டாலும் வெடிக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அறுபது பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவன் மனைவி சின்னாயியும் அதில் ஒருத்தி.

கம்பியை எடுத்து எரிகிற விறகையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டான். ஈரச் சாம்பலை அள்ளி மேலே கொட்டினான். ஆலை நின்றது.

மானேஜர் அருணகிரி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். பாய்லர் ஆறி மூடியைத் திறக்க இரண்டு நாள் ஆகும். அதுவரை யாருக்கும் கூலி கிடையாது. வீட்டில் சின்னாயி முகம் கொடுக்கவில்லை. "அறுவது பேரு வகுத்துல அடிச்சுப்போட்டீங்களே" என்றதோடு சரி.

அவ்வளவு அசதியிலும் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. உள்ளே வற்றித்தான் கிடக்கவேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டான். தன் பேர் நிலைக்க அத்தனை பேரும் சாவின் வாசல்வரை போயிருக்கவேண்டுமா என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வேண்டுவதை நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மூடியைக் கழற்றினார்கள். தண்ணீர் ததும்பி நின்றது.

அருணகிரி சிரித்தார். "நீ தூங்குனதுக்கு ஆலைய ரெண்டு நாள் மூடியாச்சு. இனி இப்படி நெருப்ப இழுத்துப் போடமாட்டேன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டு அடுப்பப் பத்த வை. இல்லீன்னா நடையக் கட்டு."

சொல்லிவிட்டால் தீர்ந்தது. நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. யாரோடும் மல்லுக்கு நிற்க அவன் உடம்பில் தெம்பில்லை.

"கோடு தெரியலீன்னா இனியும் இழுத்துத்தானுங்க போடுவேன்" என்றான்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். வாசலைத் தாண்டுமுன் பின்னால் சின்னாயி ஓடிவந்தாள்.

"நீங்க இல்லாத பாய்லருக்குப் பக்கத்துல நா நின்னு வேல செய்யமாட்டனுங்க. நடங்க, ஊட்டுக்குப் போலாம்."